இரவல் கேட்ட துப்பாக்கி

என் அக்கா கணவர் தங்கதுரையைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கோபம் வருகிறது. கோபம் அவர்மேல் இல்லை.

பட்டாளத்திலிருந்து வந்ததும் தென்காசியில் பிழைப்பு கிடைக்காமல் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்தவர். வயதான தோட்ட முதலாளி ஒருவரிடமிருந்து ஓர் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியை முறைப்படி விலைக்கு வாங்கி, தன் பெயரில் லைசென்ஸ் எடுத்தார். அதை வைத்துத்தான் பிராட்வேயில் ஒரு நகைக்கடை வாசலில் காவல் வேலை. சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் உள்ளவனுக்குத்தான் அங்கே இடம். லைசென்ஸ் போனால் அன்றே அடுப்பு அணைந்துவிடும்.

பதினான்கு வருடத்தில் அதால் ஒரு காக்கையைக்கூட அவர் சுட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்வார். "கட்டின பொண்டாட்டியக்கூட இப்படிப் பாத்துக்கல" என்று சீனியம்மாள் அக்கா கேலி செய்வாள்.

கடை மேனேஜர் ரமேஷ்பாபு கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். அத்தானுக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவனே அவன்தான். சிநேகிதம் என்றால் அப்படியொரு சிநேகிதம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு தேடி வந்தான்.

"சேட்டா, மாமனார் தோட்டத்துல காட்டுப்பன்னி புகுந்து கப்பைக் கிழங்கு மொத்தத்தையும் தோண்டிப் போட்டிருச்சு. ஞாயித்துக்கிழமை ஒரு நாள் மட்டும் துப்பாக்கியைத் தரணும். ரெண்டு பன்னியைச் சாய்ச்சிட்டு, சாயங்காலமே கொண்டு வந்திடறேன், கேட்டோ."

"பஞ்சாயத்துல சொல்லி உத்தரவு வாங்கச் சொல்லு. அவங்க பட்டியல்ல உள்ள ஆளு, அவன் துப்பாக்கியோட வந்து சுடுவான். நான் தந்தா எம்மேலயும் கேஸு, உம்மேலயும் கேஸு."

ரமேஷ்பாபு சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு முத்திரைத்தாளை எடுத்தான். துப்பாக்கியை நண்பருக்கு ஒரு நாளைக்கு முழுச் சம்மதத்தோடு கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. லைசென்ஸ்காரன் எழுதிக் கொடுத்தால் போதும் என்று பத்திரம் எழுதுகிறவர் சொன்னாராம். எதையும் முத்திரைத்தாளில் ஏற்றிவிட்டால் சட்டமாகிவிடும் என்று நம்புகிற கூட்டம்தானே நாம்! ஜூ டவுன் ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டை எண்ணுகிற எனக்கும் அப்படித்தான் பட்டது.

"அதான் எழுத்துல இருக்கே அத்தான், கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்றேன். என் நாக்கில் சூடு வைக்க வேண்டும்.

அத்தான் என்னை முறைத்தார். "ரிப்பேருக்குக் கொண்டுபோக லெட்டர் கொடுக்கலாம், லைசென்ஸ் புதுப்பிக்கக் கொண்டுபோகவும் கொடுக்கலாம். சுடுகதுக்கு எந்த லெட்டரும் செல்லாது. இதுல கையெழுத்துப் போட்டா, நான் செஞ்ச குத்தத்த நானே எழுதிக் கொடுத்த மாதிரி."

"அப்போ ரிப்பேருக்குன்னே எழுதிடலாமே சேட்டா!"

அத்தானின் முகம் கறுத்துவிட்டது. "பொய்யையும் என் கையாலயே எழுதணுமா?"

ரமேஷ்பாபு எழுந்தான். சாயாவைத் தொடவில்லை. "வேலை வாங்கித் தந்தது யாருன்னு ஓர்மை இருக்கட்டும். நாளைக்குச் சாயங்காலம் வண்டியோட வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். பன்றிக்கறி அவனுக்கு, ஜெயில் அத்தானுக்கு!

"வேலை போயிருமே, கொடுத்துத் தொலைங்க" என்று அக்கா அழுதாள். மறுநாள் அத்தான் லீவு சொல்லிவிட்டு, துப்பாக்கியையும் தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். வீட்டில் வைத்திருக்க இப்போது பயமாக இருக்கிறது, பாதுகாப்பாக வைத்திருங்கள் என்று மனு எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வந்தார்.

சாயங்காலம் ஜீப் வந்தது. வாசலில் நின்ற ரமேஷ்பாபுவிடம் அத்தான் ரசீதை நீட்டினார்.

"துப்பாக்கி ஸ்டேஷன்ல இருக்கு. வேணும்னா எஸ்.ஐ. கிட்ட உன் முத்திரைத்தாளக் காட்டி வாங்கிக்கோ."

ரமேஷ்பாபு ரசீதை இரண்டு முறை படித்தான். "துப்பாக்கி இல்லாத ஆளுக்குக் கடையில என்ன வேலை? திங்கக்கிழமை வரவேண்டாம்" என்றான். பிறகு, ஏதோ இவனுக்குத்தான் அநியாயம் நடந்துவிட்டது போல, "இதுக்கா சேட்டா பதினாலு வருஷம் பழகினோம்?" என்றான்.

அத்தான் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அதத்தான்ல நானும் கேக்கேன்! பதினாலு வருஷமா மத்தியானம் எந்தூக்குவாளியில கைய விட்டுத் தின்னியே, அந்தச் சோறு எதுலேருந்து வருதுன்னு உனக்குத் தெரியாதால?"

தெருவே எட்டிப் பார்த்தது. ஜீப் கிளம்பிப் போயிற்று.

திங்கட்கிழமை காலையில் அத்தான் ஃபேக்டரிகளில் வேலை கேட்டுக் களமசேரிக்குப் பஸ் ஏறினார். நான் கிட்டங்கிக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனேன். பஸ்ஸில் அவர் தனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தார்; கையெழுத்துப் போடச் சொன்னவனுக்கு எடுக்கவில்லை.