கையில் வைத்துப் பார்த்த உப்பு

என் கை ஒரு தடவை ஒரு குவியல் உப்பை விற்றுக் கொடுத்தது. அப்போது எனக்குப் பத்து வயது.

கடல் ஊருக்குள்ளே வந்த டிசம்பருக்கு அடுத்த கோடை. மரக்காணத்தில் எங்கள் பாத்திகளில் ஏறிய சேற்றை வழித்துப் போட்டு, திரும்பவும் மிதித்துக் கெட்டியாக்கி, அப்பாவும் அம்மாவும் உப்பு எடுத்தார்கள். நல்ல உப்பு. ஆனால் சுனாமி உப்பு அழுக்கு என்று வெளியூரில் பேச்சு கிளம்பிவிட்டது. எப்போதும் வாங்கும் சேலத்து வியாபாரியும் யோசித்தார். கைப்பிடி உப்பு அனுப்பிப் பார்த்தோம். கைப்பிடியை யார் வேண்டுமானாலும் பொறுக்கி அனுப்பலாம், குவியலைப் போட்டோ பிடித்து அனுப்பு என்றார். மழை வந்தால் குவியல் கரைந்துவிடும். அதற்குள் விற்றாக வேண்டும்.

சித்தப்பாவுக்குப் புதுச்சேரியில் ஒரு ஸ்டுடியோவில் வேலை. அங்கிருந்த டிஜிட்டல் கேமராவை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி வந்தார். லென்ஸையும் சேர்த்துக் கொடுக்க முதலாளிக்கு மனசு வரவில்லை. அதனால் சித்தப்பா தன் பழைய ஃபிலிம் கேமரா லென்ஸை ஒரு வளையம் வைத்து மாட்டியிருந்தார்.

"கண்ணு பழசு, மூளை புதுசு. எப்படி வருதுன்னு பாருங்க" என்றார்.

அந்தக் கண் தானாக எதுவும் செய்யாது. ஃபோகஸைக் கையால் திருக வேண்டும். வெளிச்சத்துக்கு இன்னொரு வளையம். அதைத் திருகத் திருக உள்ளே ஒரு கோடு நகரும். நடுவில் நின்றால் சரி. சித்தப்பா நடுவில் நிறுத்தி ஆறு படம் எடுத்தார். வெயிலில் பின்பக்க ஸ்கிரீன் தெரியவில்லை. நம்பிக்கையாகப் போய்விட்டார். பிரிண்ட் போட்டவன் கவரில் போட்டு ஒட்ட, யாரும் பார்க்காமல் அது அப்படியே சேலத்துக்கு லாரியில் போனது.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தது.

"இது உப்பா, அடுப்புச் சாம்பலான்னு கேக்கறாருங்க" என்றார் லாரிக்காரர். பிரித்துப் பார்த்தோம். ஆறு படத்திலும் உப்பு சாம்பல் நிறம்தான்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மறுபடியும் கேமராவோடு வந்தார். "கோடு நடுவுலதான் இருந்துச்சுண்ணே. மிஷின் பொய் சொல்லாது."

அப்பா அதிகம் பேச மாட்டார். "உன் மிஷின் உப்பளத்துக்குப் புதுசு" என்றார். "புதுசா வர்றவன் இந்த வெள்ளையப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவான். சுருக்கினா எல்லாம் மங்கலாத்தான் தெரியும். உப்பை உப்புலயே வச்சுப் பார்ப்பாங்களாடா? கையில வச்சுப் பாரு."

எங்கள் பக்கம் அதுதான் பழக்கம். பாத்தியைப் பார்த்து யாரும் உப்பு வெள்ளையா என்று சொல்வதில்லை. உள்ளங்கையில் போட்டுப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

சித்தப்பா கேமராவைக் கையில் எடுத்தார். பிறகு, "அண்ணி, கையை நீட்டுங்க" என்றார்.

அம்மா குவியலுக்கு முன்னால் நின்று நீட்டினாள். சித்தப்பா அவள் உள்ளங்கையை மட்டும் கேமரா நிறைய வைத்து, கோட்டை நடுவுக்குக் கொண்டுவந்தார். திருகத் திருக வளையம் 'டிக்' என்று சொடுக்கும்; எத்தனையாவது சொடுக்கில் நின்றது என்று எண்ணிக்கொண்டார். பிறகு கையில் உப்பு வைக்கச் சொல்லி, குவியலும் தெரிகிற மாதிரி தள்ளி நின்றார். வளையத்தை முழுக்கத் திறந்து உப்புக் கல்லில் ஃபோகஸ் வைத்தார். திரும்ப அதே சொடுக்குக்கு எண்ணி மூடினார். மூடினால் உள்ளே இருட்டாகிவிடும், ஆனால் கையும் குவியலும் ரெண்டுமே தெளிவாக விழும் என்றார். எடுத்தார்.

அப்பாவின் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஸ்கிரீனைப் பார்த்தார். நானும் துண்டுக்குள் நுழைந்தேன்.

உப்பு வெள்ளை வெளேர் என்று இருந்தது. கல் கல்லாக எண்ணலாம். அம்மாவின் கையும் அப்படியே இருந்தது. வெடிப்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. வெடிப்புக்குள் உப்பு தெரிந்தது. ரெண்டு விரல் நுனியில் தோல் இல்லாததும் தெரிந்தது.

"ஃபோகஸ் வரலை" என்றார் சித்தப்பா.

"நல்லாத்தானே வந்திருக்கு!" என்றேன்.

"வரலை பாப்பா."

அம்மாவும் எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆமா, வரலை" என்று கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். அப்பா குவியல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ வா. கையை நீட்டு" என்றார் சித்தப்பா.

நீட்டினேன். ஒரே படம். வந்துவிட்டது.

பத்து நாளில் ரெண்டு லாரி வந்து குவியலை வாரிக்கொண்டு போனது. நான் தெருத்தெருவாகச் சொன்னேன். அம்மா கைக்கு ஃபோகஸ் வராது, என் கைக்குத்தான் வரும் என்று. கூனிமேட்டிலிருந்து வரும் மீன்காரம்மாவைக்கூட விடவில்லை. "ஏம்மா, உன் கைக்கு இன்னா குறைச்சலாம்?" என்று அந்தம்மா கேட்டது. அம்மா சிரித்தாள். "அவ கை ராசி அப்படி" என்றாள். எனக்குத் தலை நிமிர்ந்துவிட்டது.

பழைய லென்ஸ் என்பதால் சித்தப்பாவுக்குத்தான் சரியாகத் தெரியவில்லை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

இப்போது அதே பாத்தியில் நான் உப்பு வாருகிறேன். போன மாசம் என் மகள் செல்போனில் என் கையைப் படம் எடுத்தாள். வாங்கிப் பார்த்தேன். ஃபோகஸ் வரலை, அழிச்சிடு என்றேன்.

நல்லாத்தானே வந்திருக்கு என்று சண்டைக்கு வந்தாள்.