மாமாவின் கிட்னி சேராத கதை

எங்கள் குடும்பத்தில் எதையும் விளக்கக் கூடாது. விளக்கினால் அது வேறு உருவத்தில் திரும்பி வந்து நம்மையே கேள்வி கேட்கும். நானோ நுண்ணுயிரியல் படித்தவள், விளக்காமல் என்னால் இருக்க முடியாது. அக்காவின் சிறுநீரக விஷயத்தில் இந்த இரண்டும் முட்டிக்கொண்டு என் உயிரை வாங்கின.

அக்காவைக் கட்டியவர் எங்கள் தாய்மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. திண்டிவனத்தில் டயர் கடை. பிள்ளைகள் இரண்டு. இரண்டாவது பிரசவத்தில் ஏறிய ரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. சில வருடங்களில் அக்காவின் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய், வாரத்தில் பாதி நாள் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் என்று ஆகிவிட்டது.

"எங்கிட்ட ரெண்டு இருக்குது. ஒன்ன எடுத்து அவளுக்கு வெச்சிடுங்க" என்று மாமா முதல் நாளே சொல்லிவிட்டார். ரத்த வகை ஒன்று. அதுவும் சொந்த மாமன், ஒரே ரத்தம். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆபரேஷனே முடிந்துவிட்டது போலப் பேச ஆரம்பித்தார்கள்.

சென்னை ஆஸ்பத்திரியில் கடைசியாக ஒரு சோதனை செய்தார்கள். அக்காவின் ரத்தநீரில் மாமாவின் வெள்ளை அணுக்களை விட்டுப் பார்ப்பது. அக்காவின் எதிர்ப்புப் புரதங்கள் பாய்ந்து மாமாவின் அணுக்களை மொத்தமாகக் கொன்றுவிட்டன. இந்தக் கிட்னியை வைத்தால் தையல் போடுவதற்குள் கருத்துவிடும் என்று டாக்டர் கையை விரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேல்மருவத்தூர் தாண்டிய பிறகு, தூங்கிக்கொண்டிருந்த அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏன் பாப்பா, அவளுக்கு எம்மேல இன்னா கோவம்?"

"கோவம் இல்ல மாமா. நம்ம ஒவ்வொரு செல் மேலயும் ஒரு அடையாளம் இருக்குது. பாதி அம்மா கொடுத்தது, பாதி அப்பா கொடுத்தது. ஒங்க பசங்க அக்கா வயித்துல இருந்தப்போ அவங்க மேல ஒங்க அடையாளமும் இருந்துச்சி. பிரசவத்துல அவங்க ரத்தம் கொஞ்சம் அக்கா ரத்தத்துல கலந்துடுச்சி. அக்கா ஒடம்பு அத வெளியாளுன்னு குறிச்சி வெச்சிக்கினு இருக்குது. டோல்கேட் கேமராவுல வண்டி நம்பர் பதியறாப்போல."

மாமா நன்றாக யோசித்தார். "டோல்கேட்னா உள்ளூர்க்காரனுக்கு பாஸு குடுப்பாங்களே. அதுபோல ஒன்னு வாங்க முடியாதா?"

கேள்வி என்னவோ நல்ல கேள்விதான். அந்த எதிர்ப்பை வடிகட்டி அடக்கிவிட்டு ஆபரேஷன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அக்காவுக்கு எதிர்ப்பு எக்கச்சக்கமாக இருந்ததால் டாக்டர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இதைச் சொன்னதும் மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு இந்தச் செய்தி எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது, கைகால் முளைத்து. பெரியம்மா காத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர்.

"கட்டினவன் கிட்னி பொண்டாட்டிக்கு ஏன்டி சேரல? அவ மனசுல இன்னாமோ இருக்குது. இஷ்டமில்லாத கட்டிக்கினாளா?"

"பெரிம்மா, மனசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அவரு பிள்ளைங்களச் சுமந்ததாலதான் இந்த எதிர்ப்பே வந்துது. அவரோட குடும்பம் நடத்தினதுக்கு இது சாட்சி."

"சாட்சியாம். படிச்ச திமிரு."

பெரியம்மாவின் முடிவு, தாலி கட்டிய நேரம் சரியில்லை என்பது. எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டிக்குப் பெரிய கண்டம் வந்தால் கோயிலில் மறுபடி தாலி கட்டுவது உண்டு. ஆகவே மயிலம் மலையில் ஒரு முகூர்த்த நாளில், வரிசையாக நின்ற புதுமாப்பிள்ளைகளுக்கு நடுவே, நரை தெரிகிற மீசையுடன் மாமாவும் மாலையும் கழுத்துமாக நின்றார். பிள்ளைகள் இரண்டும் அப்பா அம்மா கல்யாணத்தைப் பார்த்துக் கைதட்டின. அக்கா படியேற முடியாமல் மூச்சு வாங்கினாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அதோடு விட்டார்களா? தாலி கட்டியாயிற்று, மறுபடி ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று மாமா ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மாமாவின் அணுக்கள் மறுபடியும் செத்தன.

வேறு யார் கொடுப்பது? அப்பாவுக்குச் சர்க்கரை. என் ரத்த வகையே வேறு. அம்மாவுக்குப் பார்த்தால் அங்கேயும் அதே எதிர்ப்பு. சொந்தத்தில் கட்டியதன் கோளாறு அது. அம்மாவும் மாமாவும் கூடப்பிறந்தவர்கள். பிள்ளைகள் வழியாக அக்காவின் உடம்பு பகைத்துக்கொண்ட அதே அடையாளம் அம்மாவிடமும் இருந்தது. பெரியம்மாவைக் கேட்டோம். முட்டி வலி என்றார்.

இதற்குள் அக்காவின் கையில் டயாலிசிஸுக்காகத் தயார் செய்திருந்த ரத்தக்குழாய் அடைக்கத் தொடங்கியிருந்தது. மற்றக் கையிலும் ரத்தக்குழாய் சரியில்லை. நாள் அதிகம் இல்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு எல்லோரையும் உட்காரவைத்து ஒரு வழி சொன்னார். செய்யாறு பக்கத்தில் இன்னொரு தம்பதி, அவர்களுக்கும் இதே தகராறு. அந்தக் கணவரின் கிட்னி அக்காவுக்குப் பொருந்துகிறது. மாமாவுடையது அவர் மனைவிக்குப் பொருந்துகிறது. மாற்றிக் கொடுத்துக்கொள்ளலாம், சட்டம் அனுமதிக்கிறது.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. மாமாவின் முகம் வேறு மாதிரி ஆனது.

"என்னுது எவன் பொண்டாட்டிக்கோ. எவனுதோ என் பொண்டாட்டிக்கு. ஊர்ல தலகாட்ட முடியுமா?"

"மாமா, அது ரத்தத்த வடிகட்டற உறுப்பு. அவ்வளோதான்."

"ஒனக்கு எல்லாமே அவ்வளோதான்."

ஒரு வாரம் கெஞ்சினேன். படம் போட்டுக் காட்டினேன். மாமா கடைக்குள் போய் டயரை உருட்டிக்கொண்டே கேட்டார், கேட்காதது போல. பெரியம்மா போனிலேயே எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் அக்காதான் பேசினாள், டயாலிசிஸ் முடிந்து வந்த ஒரு மத்தியானம், உதடு வெடித்துப்போய்.

"மாமா, எனக்கு ஒரு சொம்புத் தண்ணி மொத்தமா குடிக்கணும். அளந்து அளந்து நாக்க நனைச்சிக்கினு இருக்கேன். அது எவன் கிட்னியா இருந்தா எனக்கு இன்னா? நீ குடுக்கறதாலதான எனக்குக் கிடைக்குது?"

மாமா எழுந்து கடைக்குப் போய்விட்டார். அடுத்த நாள் காலையில், "அந்தாளப் பாத்துட்டு வரலாம். பாக்கத்தான், வேற ஒன்னும் இல்ல" என்றார்.

ஆஸ்பத்திரி கேண்டீனில் பார்த்தோம். டாக்டர் கொடுத்த சம்மதப் படிவங்களை மேசையோரம் வைத்தேன். செய்யாற்றுக்காரர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுகிற விவசாயி, மாமா வயதுதான். மாமாவைப் போலவே முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பெண்கள் இருவரும் அடுத்த மேசையில் தங்கள் மாத்திரைகளை ஒப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஆண்கள் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுதும் சேரலிங்களா?" என்றார் அவர், கடைசியில்.

"சேரல. ரெண்டு பசங்க."

"எனக்கு மூணு. ஊர்ல கேக்கறான், ஏன்டா பொண்டாட்டிக்குக் கூட ஒத்துக்கலியான்னு. குலதெய்வத்துக்கு கெடா வெட்டினேன். அப்பவும் சேரல."

"நான் மறுபடி தாலியே கட்டினேங்க."

அவர் மாமாவை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். "மலையேறியா கட்டினீங்க?"

"மயிலம்."

இருவரும் டீ குடித்தார்கள். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, தானே கண்டுபிடித்ததைச் சொன்னார். "எனக்கு இன்னா தோணுதுன்னா, நம்ம ரெண்டு பேரு கிட்னியும் வீரியம் ஜாஸ்தி. சொந்தப் பொண்டாட்டி ஒடம்பு தாங்கல. அசலாளுக்குப் போனா கொஞ்சம் அடங்கி இருக்கும்."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனையோ மாதங்களில் அவர் முதுகு அப்படி நேரானதை நான் பார்க்கவில்லை. "அதாங்க. அதேதாங்க. யாரும் இத்தச் சொல்லல பாருங்க."

வீரியமாவது மண்ணாவது. என் வாய் திறந்தே விட்டது. அந்த அடையாளத்தின் படிப்புப் பெயரான ஆன்டிஜென் என்ற சொல் நாக்கின் நுனியில் நின்றது. அக்கா பின்னாலிருந்து என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா இருடி. கையெழுத்துப் போடட்டும்."

மாமா சட்டைப்பையில் பேனாவைத் தேடிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "இன்னா பாப்பா, நீ படிச்சவ. இவரு சொல்றது சரிதான?"

மூன்று வருடப் படிப்பு என் தொண்டையில் நின்று கத்தியது.

"சரிதான் மாமா" என்றேன்.