தையல் இல்லாத பிரசவம்

வலியோடு வந்த மாரீஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "சிஸ்டர், இந்தத் தடவையும் வெட்டுவீகளா?"

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் வெடிக்குள் வெடிமருந்து செலுத்தும் வேலை அவளுக்கு. நாள் முழுக்கத் தரையில் உட்கார வேண்டும். தலைப்பிரசவத்தில் வேறோர் ஆஸ்பத்திரியில் பிறப்புவாயை வெட்டித் தைத்திருக்கிறார்கள். தையல் பிரிந்து சீழ் வைத்துவிட்டது. சீசன் நேரத்தில் உட்கார முடியாமல் வேலையும் போய், வெகுநாள் கழித்துத்தான் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள்.

"திரும்ப அப்படி ஆச்சுன்னா கம்பெனில சேக்க மாட்டாக," என்று அழுதாள்.

எங்கள் லேபர் வார்டில் சிக்கலில்லாத பிரசவங்களை மிட்வைஃப்களான நாங்களே பார்ப்போம். சிக்கல் என்றால்தான் டாக்டரைக் கூப்பிடுவோம். பரிசோதித்தேன், எல்லாம் சரியாக இருந்தது.

"தேவையில்லாம கத்தரியத் தொட மாட்டேன். ஆனா தலை வர்றப்ப நீ அவசரப்படக் கூடாது. மருந்து செலுத்துறப்ப வேகமா குத்துவியா?"

"ஐயய்யோ, உரசினா தீப்பிடிச்சிருமே!"

"அந்த நிதானம்தான் இங்கனயும்."

துணைக்கு நின்ற மாமியாருக்கும் அதே ஆலையில்தான் வேலை. ஆனால் மருமகளுக்கு வலி ஏறியதும் அந்தம்மா அந்த நிதானத்தையெல்லாம் மறந்துவிட்டார். "முக்குத்தா, நல்லா முக்கு!" என்று வார்டே அதிரக் கத்தினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

மாரீஸ்வரியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வெந்நீரில் பிழிந்த துணியைப் பிறப்புவாயில் ஒத்தி வைத்திருந்தேன். குழந்தையின் தலை தெரிந்தது. தோல் விண்ணென்று நின்றது. இனி ஒரே முக்கில் எல்லாம் கிழிந்துவிடும்.

"முக்காத, ஊது! பெரியம்மா, நீங்க கத்துறது ஆலையில மருந்து ரூமுக்கு ஆகுமா?"

சட்டென்று மாமியார் குரல் இறங்கியது. "மெல்லத்தா, மெல்ல... உரசிராம," என்று மருமகள் காதோரம் சொல்லத் தொடங்கினார். மாரீஸ்வரி உஸ் உஸ்ஸென்று ஊதினாள். என் கை தலையைத் தாங்கியபடி இருக்க, குழந்தை அதன் போக்கில் வந்து சேர்ந்தது. பெண் குழந்தை.

உள்ளேயும் ஆசனவாய்ப் பக்கமும் விரல் வைத்து நன்றாகப் பார்த்தேன். லேசான சிராய்ப்பு மட்டும்தான்.

"தையல் எம்புட்டு சிஸ்டர்?" என்றார் மாமியார்.

"ஒன்னுகூட இல்ல."

இதைப் பெருமை பீற்றிக்கொள்ளவே எழுதுகிறேன், ஒளிக்கவில்லை. இளைய சிஸ்டர்களே, கத்தரிக்கோல் தட்டில் எப்போதும் தயாராக இருக்கட்டும். தேவைப்பட்டால் தயங்காமல் எடுங்கள். அதை எடுக்காமல் காத்திருக்கவும் கையைப் பழக்குங்கள்.

மறுநாள் வார்டுக்குள் போனேன். மாரீஸ்வரி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.