முப்பத்தோரு முறை மரத்த கால்

"ஃபோர்மேன், கால் மரத்துப் போச்சு. வெல்டர் மாப்ளைய மேல அனுப்பு."

வாக்கி-டாக்கியில் இதைச் சொல்லிவிட்டு கிரேன் ஓட்டுகிறவர் அதை ஓரங்கட்டி நிறுத்துவார். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் கேபின் கண்ணாடியில் இடது பாதம் தெரியும். கட்டைவிரல் ஜோராக ஆடிக்கொண்டிருக்கும். மரத்த கால் அப்படி ஆடாது என்று ஃபோர்மேனான எனக்கும் தெரியும். ஆனாலும் நோட்டை எடுத்து, ‘கிரேன் நிறுத்தம். காரணம்: கால் மரத்தது. இருபது நிமிடம்’ என்று எழுதிவைப்பேன்.

எங்களுடையது இரும்பு வார்க்கிற ஆலை. அடுப்பில் உருகிய இரும்பை ஆளுயர வாளியில் பிடித்து, கிரேனில் தொங்கவிட்டுக் கொண்டுபோய் அச்சுகளில் ஊற்ற வேண்டும். அந்த வாளியை இருபத்திரண்டு வருடமாக எங்கள் தலைக்கு மேல் கொண்டுபோகிறவர் இவர். மேலேயே உட்கார்ந்திருப்பதாலும், யாரையும் கேட்காமல் முடிவெடுப்பதாலும் ‘மேலிடம்’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறோம். அவருக்கு அதில் பெருமைதான்.

காலையில் நாற்பத்தெட்டுப் படி ஏறினால் ஷிப்டு முடிந்துதான் இறங்குவார். டீ, கயிறு கட்டிய தூக்கில் மேலே போகும். காலித் தூக்கோடு விமரிசனம் கீழே வரும்: "இன்னைக்கு டீ போட்டவனுக்கும் சர்க்கரைக்கும் என்னய்யா தகராறு?" ஆள் பெரிய ஆள், கேபின் சின்ன கேபின். முதலில் வயிறு உள்ளே போகும். பின்னால் அவர் போவார். நாற்காலியில், பழைய போர்வையை மடித்து மனைவி தைத்துக் கொடுத்த மெத்தை. பக்கத்தில் வறுத்த கடலை, ஒரு கைக்கண்ணாடி, மீசை வெட்டும் கத்தரிக்கோல். பாதி வெட்டும்போது வாளி தயாராகிவிட்டால் மறுபாதி மீசை மதியம் வரை காத்திருக்கும். அந்தக் கோலத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். கீழே வேலை செய்கிற அறுபத்துநாலு பேரும் பார்ப்போம்.

மேலிருந்து பார்த்தால் எங்கள் முகம் தெரியாது, ஹெல்மெட்தான் தெரியும். "மூஞ்சி எதுக்குய்யா? தோளு போதும். வீட்ல சண்ட போட்டுட்டு வந்தவன் தோளு ஒரு மாதிரி இருக்கும், ராத்திரி தூங்காதவன் தோளு ஒரு மாதிரி இருக்கும். உன் தோளு எப்பவும் ஒரே மாதிரிதான், சிடுசிடுன்னு" என்பார். வெல்டர் மாப்ளையின் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த வாரத்தில் மேலிடத்தின் கால் இரண்டு தடவை மரத்தது. அச்சு அடிக்கிறவரின் மகள் வீட்டை விட்டுப் போன மறுநாள் ஒரு தடவை. காலைப் பிடித்துவிட அவர்களைத்தான் அனுப்பச் சொல்வார். வேறு ஆளை அனுப்பினால், "இவன் கை முரட்டுக் கை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

மேலே என்ன நடக்கிறது என்று எனக்கும் வெகுநாள் தெரியாது. என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம், "இன்னைக்கு நீயே வா" என்று கூப்பிட்டார். ஏறினேன். ஆலையில் குளிர்ந்த காற்று வருகிற ஒரே இடம் அந்தக் கேபின். கையில் கடலையைக் கொட்டினார். கால் மணி நேரம் மருமகனைத் திட்டினார். மருமகன் செருப்பைத் தலைகீழாகக் கழற்றிப் போடுகிறவனாம். அப்புறம், "வீட்ல எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் அந்தப் பக்கத்து ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஜன்னல் பளிச்சென்று ஆகிற வரை துடைத்தார். நான் எந்தக் காலையும் பிடித்துவிடவில்லை.

நிர்வாகமும் சும்மா இல்லை. மன அழுத்தத்தைக் குறைக்க ஓர் அம்மாவை அனுப்பினார்கள். நல்ல அம்மாதான். சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை பத்து முகம் போட்ட தாளைக் கொடுத்து, எது நீங்கள் என்று குறிக்கச் சொன்னார். தாளின் தலையில், ஆள் யாரென்று காட்டிக்கொடுக்கும் டோக்கன் நம்பரை எழுத ஒரு கட்டம் இருந்தது. அதைப் பார்த்ததும் அறுபத்துநாலு பேரும் சிரிக்கிற முகத்தைக் குறித்துவிட்டோம். மேலிடமும் அதையே குறித்து, ஓரத்தில் ‘கேபின் கூலரில் சத்தம் வருகிறது’ என்று சேர்த்து எழுதியிருந்தார்.

வினை மருத்துவப் பரிசோதனையில் வந்தது. டாக்டர் என்னையும் என் நோட்டையும் வரவழைத்துவிட்டார். மூன்று வருடத்தில் முப்பத்தோரு முறை மரத்த கால்.

"இந்தக் கால்லதானே பிரேக் மிதிக்கிறீங்க?"

"ஆமா டாக்டர்."

"வாளி தொங்கும்போது மரத்துப் போனா?"

"மரக்கும்போது தூக்க மாட்டேன் டாக்டர். அதுக்குத்தானே நிறுத்திடறேன்."

டாக்டர் சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டினார். கால் துள்ளிய துள்ளலில் மேசை மேலிருந்த பேனா உருண்டது. "கால் நல்லா இருக்கே! அப்புறம் எப்படி?" என்று என்னைப் பார்த்தார்.

உண்மையைச் சொன்னால் மேலிடத்தின் கிரேன் வேலை தப்பிக்கும். ஆனால் மேலே ஏறியவர்கள் பெயரெல்லாம் ஃபைலுக்குப் போகும். மனசு சரியில்லாதவன் என்று ஃபைலில் ஏறிவிட்டால் அப்புறம் அடுப்புப் பக்கம் விடமாட்டார்கள், கையில் விளக்குமாற்றைக் கொடுத்துவிடுவார்கள். மேலிடம் என்னை முறைத்தார். "வயசாச்சு டாக்டர்" என்றேன்.

இன்னொரு தடவை மரத்தால் கிரேனிலிருந்து இறக்கிவிட வேண்டியது என்று டாக்டர் எழுதிவிட்டார். வெளியே வந்ததும் மேலிடத்துக்கு அந்தக் கவலை இல்லை. "வயசாச்சுன்னு ஏன்யா சொன்ன? அம்பத்தி மூணு ஒரு வயசா?"

அதற்குப் பிறகு கால் மரக்கவில்லை. வேலை நிற்காமல் ஓடியது. அலுவலகத்தில் சந்தோஷப்பட்டார்கள். மேலிடம் மட்டும் டீயைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்வதில்லை.

போன மாதம் வாளியிலிருந்து இரும்பு சிதறி, அச்சில் ஊற்றுகிற பையன் ஒல்லியின் கூட்டாளிக்குக் கால் வெந்துவிட்டது. ஒல்லி மூன்றாம் நாளே வேலைக்கு வந்தான். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "நல்லாருக்கேண்ணே." வந்து நாலு நாள் இருக்கும். காலை பத்து மணி. வாளி நிறைய இரும்பு, கிரேன் வந்துகொண்டிருக்கிறது. வாளி வருகிற வழியில், தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு உள்ளே ஒல்லி நிற்கிறான். கூட்டாளி விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் கத்தினேன், அவனுக்குக் கேட்கவில்லை. கிரேன் நின்றது.

வாக்கி-டாக்கியை எடுத்தேன். "யோவ் மேலிடம், கால்னு மட்டும் சொல்லிடாதய்யா" என்றேன். வாளி மெதுவாகப் பின்னால் போய் அடுப்புப் பக்கத்தில் இறங்கியது. பிரேக் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு கேபின் கதவு திறந்தது. முதலில் வயிறு வந்தது.

இருபத்திரண்டு வருடத்தில் ஷிப்டு நடுவே அவர் இறங்கி நான் பார்த்ததில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏணியில் இறங்குகிற மாதிரி பின்பக்கமாக இறங்கினார். மொத்த ஆலையும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. ஒரு பக்க மீசை வெட்டியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"நோட்டக் குடு."

"கால்தானே?"

"கால் நல்லாத்தான் இருக்கு."

அவரே எழுதினார். ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதினார். ‘அன்று நடந்ததை மேலேயிருந்து பார்த்தேன். அதிலிருந்து தூக்கம் இல்லை. மனசு சரியில்லை.’ கீழே டோக்கன் நம்பரையும் போட்டார். இதைப் படித்தால் அலுவலகத்தில் என்ன செய்வார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேறு யார் பெயரும் அதில் இல்லை.

நோட்டை என் கையில் திணித்துவிட்டு ஒல்லியிடம் போனார். தோளைப் பிடித்து மஞ்சள் கோட்டுக்கு வெளியே கொண்டுவந்தார்.

"தம்பி, எனக்குத் தனியா உக்கார முடியல. செத்த நேரம் கூட வர்றியா?"

ஒல்லி எதற்கோ வாயைத் திறந்தான். "நல்லா..." என்று தொடங்கினான்.

மேலிடம் படிக்கட்டுக்குப் போய்க் கடைசிப் படியில் உட்கார்ந்தார். படி முழுக்க அவர்தான் இருந்தார். கைப்பிடிக் கம்பியோடு ஒட்டி நகர்ந்தார். மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே வாங்கினார். அத்தனை பெரிய உடம்பை எங்கே கொண்டுபோய் வைத்தாரோ, பாதிப் படியைக் காலி செய்து, அதன் மேலிருந்த இரும்புத் தூசியை உள்ளங்கையால் துடைத்தார்.