ஒரே வயித்துப் பிள்ளைகளுக்கு ரெண்டு ரிப்போர்ட்

"ஏனுங்க, ரத்தத்தை மாத்தி ஊத்திட்டீங்களா?"

காலையில் லேப் ஷட்டரைத் தூக்கியதும் ராசிபுரத்துப் பட்டுத் தறிக்காரர் ஒருவர் இப்படிக் கேட்டார். சூரமங்கலத்தில் இந்த வேலையிலேயே தலை நரைத்த என்னிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அவருடைய மகனும் மகளும் அமெரிக்காவில் காட்டுப் பக்கம் நடக்கப் போய், இருவரையும் உண்ணி கடித்திருக்கிறது. ஊர் வந்ததும் காய்ச்சல், தோலில் வட்டத் தடிப்பு. மகளுக்கு வாயும் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. உண்ணிக் கடியால் வரும் லைம் நோய் என்று டாக்டர் இருவருக்கும் மாத்திரை தொடங்கி, ஆன்டிபாடி டெஸ்டுக்கு எங்களிடம் அனுப்பினார். அண்ணனுக்கு அதன் அளவு எகிறி நின்றது. தங்கைக்கு நெகட்டிவ்.

"ஒரே வயித்துல பொறந்ததுங்க. நீங்க மாத்திட்டீங்களா, இல்ல புள்ளைக்கு நோயே இல்லீங்களா? இல்லைன்னா இன்னிக்கே மாத்திரைய நிறுத்திப்போடறேன்."

"அவசரப்படாதீங்க சாமி, உட்காருங்க."

கூட வந்திருந்த மகளிடம் புதிதாக ரத்தம் எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே லேபிள் ஒட்டி ஓட்டினேன். மறுபடியும் நெகட்டிவ். டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஆன்டிபாடிங்கறது கிருமி இல்லீங்க. கிருமியை எதிர்க்க உடம்பு செய்யற ஆயுதம். அதை எவ்வளவு செய்யுதுங்கறதுல ஜீனுக்கும் பங்கு இருக்கு. அண்ணன் தங்கச்சிக்கும் அது ஒரே மாதிரி வர்றதில்ல. சீக்கிரமே மாத்திரை போட்டாலும் குறையலாம். இவங்களுக்கு எதனாலன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா தடிப்பை நான் பார்த்தேன். மாத்திரையை நிறுத்தாதீங்க."

எனக்குக் கை மயிர் சிலிர்த்துவிட்டது. தினமும் நான் பார்க்கும் எண்ணுக்குள் அப்பனும் ஆத்தாளும் கொடுத்த பங்கும் இருக்கிறதா!

அப்பாவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. மகள் கோணிய வாயோடு ஆரம்பித்தாள்.

"ஒரே தொட்டிச் சாயத்துல போட்டாலும் ஒரு கழி நூல் அள்ளிக் குடிக்குது, இன்னொண்ணு லேசாத்தான் புடிக்குதுன்னு சாயப்பட்டறையில சண்டை போடறது யாருங்கப்பா?"

"வாய்தான் கோணிப்போச்சு. பேச்சு நேராத்தான் வருது," என்றவர், பையிலிருந்து மாத்திரையை எடுத்து, என்னிடம் தண்ணீர் கேட்டார்.

இப்போதெல்லாம் நெகட்டிவ் ரிப்போர்ட் கொடுக்கும்போது, டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள் என்று வாயாலும் சொல்லித்தான் அனுப்புகிறேன். இந்த லேபுக்குப் புதிதாக வேலைக்கு வருகிற நீங்களும் சொல்லுங்கள். நம் மெஷின் உடம்பு சொன்ன பதிலை மட்டும்தான் படிக்கும்.

மாத்திரை முடிந்து சில வாரம் கழித்து அந்தப் பெண் மறுபடி டெஸ்டுக்கு வந்தாள். அப்போதும் நெகட்டிவ்தான். காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, வாய் கோணாமல் இரண்டு கன்னமும் குழி விழச் சிரித்தாள்.