கண்ணை எடுக்காத கேமரா

பல நாடுகளில் தடை செய்த திகில் படம் என்று பெருமையடித்துத்தான், பதுளைக் கடையில் என்னோடு வேலை செய்யும் இருவரை தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குக் கூட்டிவந்து போட்டுக் காட்டினேன். ஒருத்தியைக் கட்டிப்போட்டு, உடம்பெல்லாம் ரத்தம் உறிஞ்சும் அட்டைகளை விடுகிறார்கள். கேமரா அவளைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"என்ன துணிச்சலா எடுத்திருக்கான்!" என்று நான் மெச்சிக்கொண்டிருந்தபோது, கொழுந்து பறித்துவிட்டு அம்மா வந்தார். வாசலில் உட்கார்ந்து, கெண்டைக்காலில் ஒட்டியிருந்த அட்டைகளுக்குச் சுண்ணாம்பு தடவினார். ரத்தம் வழிந்தது. கூட்டாளிகள் முகம் சுளித்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"பின்பக்கம் போய்க் கழுவுங்கம்மா. பார்க்க முடியல."

"சரிப்பா, நீங்க படத்தப் பாருங்க" என்று எழுந்து போனார்.

நடித்தவளின் ரத்தத்தைக் கடைசிவரை கண்கொட்டாமல் பார்த்தேன். அந்தப் படத்தைத் தடை செய்தவர்களைக் கோழைகள் என்று திட்டியதும் அம்மாவைப் பின்பக்கம் அனுப்பிய இதே வாய்தான்.