அம்மன் சப்பரத்தின் நான்கு சக்கரங்கள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில் எனக்கு ஒரு கடை. லாரி, கார் சக்கரங்களில் கோட்டம் எடுப்பதுதான் தொழில். பள்ளத்தில் விழுந்து வளைந்த இரும்பு ரிம்மை மாட்டிச் சுற்றவிட்டு, பக்கத்தில் சாக்பீஸைப் பிடிப்பேன். கோடு விழுகிற இடத்தில் வளைவு. சூடு காட்டி, ஜாக்கி கொடுத்து, மரச் சுத்தியால் தட்டினால் நேராகிவிடும். எட்டாவதோடு நின்றவனுக்கு இந்த அறிவைக் கொடுத்தது எங்கள் ஊர் அம்மன்தான். அதை அவளிடமே காட்டப்போய் நான் பட்ட பாடு இது.

சென்னையிலிருந்து ஒருவர் போட்டோவோடு வந்தார். இரண்டே பேர் உட்காருகிற, கூரையில்லாத, பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். அதன் சக்கரங்கள் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன. அதே மாதிரி நான்கு வேண்டும் என்றார்.

“புதுசா மாட்டிக்கலாமே சார்?”

“ஐயோ அண்ணா, ஒரிஜினல்தான் வேணும். கண்காட்சியில நடுவர்ங்க குனிஞ்சு பார்ப்பாங்க.”

மூன்று வாரம் தேடினேன். இந்தப் பக்கம் பழைய இரும்பு மலைமலையாகக் கிடக்கும். எல்லாம் உலைக்குப் போகிறவை. காட்டுப்பள்ளி வரைக்கும் போய் விசாரித்தேன். கிடைக்கவில்லை.

பொன்னேரி பக்கம் எங்கள் ஊர். அமாவாசையன்று அம்மனுக்குச் சூடம் காட்டினார்கள். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். என் கண் பக்கத்தில் நிறுத்தியிருந்த சப்பரத்துக்கு அடியில் போனது. நாலு போல்ட், விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டை. போட்டோவில் பார்த்த அதே சக்கரம். மரச் சக்கரம் உடைந்த வருஷம், உருக்காலையில் வேலை செய்த எங்கள் ஊர் ஆட்கள் உலைக்குப் போக இருந்த குவியலிலிருந்து கேட்டு வாங்கிவந்து பூட்டியவை அவை.

அம்மனிடம் மனசுக்குள் உத்தரவு கேட்டேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. பிறகு சென்னைக்காரர் பதிலுக்குத் தருவதைச் சொல்லி, கோயில் தர்மகர்த்தாவிடம் கேட்டேன்.

“புது ரிம்மு, புது டயரு, சப்பரத்துக்குப் பெயிண்டும் அடிச்சிக் குடுக்கறாரா? இன்னா நைனா, இதுக்குப் போயி யோசிச்சிக்கினு!”

கமிட்டிக்கு ஏகச் சந்தோஷம். என் வீட்டுக்காரி மட்டும், “சாமி கால கயட்டி காருக்கு மாட்டற மொத ஆளு நீதான்யா,” என்றாள்.

நான்கையும் கடையில் இறக்கிச் சுரண்டினேன். மஞ்சள், பச்சை, சிவப்பு என்று திருவிழாவுக்குத் திருவிழா அடித்த பெயிண்ட் உரிந்து வந்தது. மூன்று சக்கரங்கள் ஒழுங்காக இருந்தன. நான்காவது சுற்றும்போது தள்ளாடியது. மூன்று நூல் கோட்டம், அதாவது அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. மனசு பதறிவிட்டது. இத்தனை வருஷம் இதிலா அம்மனை ஏற்றி இழுத்தோம்? இரண்டு நாள் உட்கார்ந்து, சாக்பீஸ் முழு வட்டத்துக்கும் ஒரே கோடாக விழும்வரை தட்டினேன்.

சென்னைக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்தார். “கொஞ்சங்கூட ஆடலண்ணா!”

“இனிமே எவ்ளோ வேகமா வேணா போலாம் சார்.”

“போறதா? இன்ஜினே இல்லண்ணா. லாரியில ஏத்திட்டுப் போய் நிக்க வைப்போம்.”

ஆடி முதல் ஞாயிறு. ஆடியில் ஞாயிறுதோறும் சப்பரம் இழுத்துக் கூழ் ஊற்றுவது வழக்கம். எங்கள் ஊரில் தெருமுனை திரும்பும்போது அம்மன் இடமும் வலமுமாக ஆடுவாள். அதைப் பார்த்ததும் தர்மகர்த்தா வீட்டம்மாவுக்கு அருள் வரும். அவர் வாயால் அம்மன் உத்தரவு கொடுத்த பிறகுதான் கூழ் அண்டா திறக்கும். அன்றைக்குச் சப்பரம் புது டயரில் வழுக்கிக்கொண்டு வந்தது. முனையில் திரும்பியது. நேராகப் போய்விட்டது.

“இன்னாடி இது, ஆம்புலன்ஸுல போறாமாரி போறா!” என்றார் எதிர்வீட்டு அக்கா.

“ஆத்தா கோச்சிக்கினா. எவனோ தப்புப் பண்ணிக்கிறான்,” என்றார் இன்னொருவர்.

அருள் வரவில்லை. சொம்போடு நின்ற ஜனங்கள் வெயிலில் வாடினார்கள். கடைசியில் பூசாரியே தீபாராதனை காட்டிக் கூழை ஊற்றச் சொன்னார். நான் வாங்கிய சொம்பை அப்படியே வீட்டுக்காரியிடம் நீட்டிவிட்டேன். அடுத்த ஞாயிறும் ஆடாவிட்டால், தப்பு செய்தவன் யாரென்று குறி கேட்கப் போவதாகப் பேசிக்கொண்டார்கள். எவனென்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே தர்மகர்த்தாவைத் தனியாகப் பார்த்தேன். “ஒரு ரிம்முல கோட்டம் இருந்திச்சிங்க. அதனாலதான் ஆடிக்கினு இருந்தா.” இதைச் சொல்ல நாக்கு கூசியது.

அவர் தெருப்பக்கம் எட்டிப் பார்த்தார். “வெளிய சொல்லிக்கினு திரியாத. புது ரிம்முல ஒண்ண வளச்சிக் குடு.”

“புதுசுங்களே!”

“புதுசுன்னா வளையாதா?”

நேராக்கத்தான் எனக்குத் தெரியும். வளைப்பது லாரிக்காரர்கள் வேலை. முதல் அடியில் அசையவே இல்லை. சூடு காட்டி அடித்தேன், அஞ்சு நூல் போய்விட்டது. அதில் இழுத்தால் சப்பரமே கவிழும். திருப்பி எடுத்தேன், ஒன்றில் வந்து நின்றது. இப்படியே போனது வாரம்.

பக்கத்து வெல்டிங் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “இன்னாண்ணா, நல்ல ரிம்மப் போட்டு இந்தச் சாத்து சாத்தற? ஊட்ல சண்டையா?”

“வேண்டுதல்ப்பா,” என்றேன். பொய்யில்லை. சனிக்கிழமை மத்தியானம் சாக்பீஸ் மூன்று நூலில் தொட்டது.

இரண்டாம் ஞாயிறு சப்பரம் முனைக்கு வந்தது. எந்தச் சக்கரம், எந்த இடத்தில், எத்தனை நூல் என்று எனக்கு அத்துப்படி. ஆனால் அவள் இடப்பக்கம் சாய்ந்து, வலப்பக்கம் நிமிர்ந்தபோது என் கை தானாகக் குவிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தர்மகர்த்தா வீட்டம்மாவுக்கு அருள் வந்துவிட்டது.

தலைவிரித்துக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேரே என்னிடம்தான் வந்தார்.

“என் கால இன்னாடா பண்ண?”

அப்படியே தரையில் விழுந்தேன். தலையில் வேப்பிலை பட்டது.

“பொயச்சிப் போ. ஊத்துங்கடா கூழ!”

எழுந்து பார்த்தபோது தர்மகர்த்தா வேறு பக்கம் திரும்பி வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிம் விஷயத்தை வீட்டில் சொல்லிவிட்டாரா என்று நான் இதுவரை அவரிடம் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை.